பியூலாபுரத்துக்கு மூன்றாவது விருது

பியூலாபுரத்துக்குச் சிறந்த கிராமத்துக்கான விருது மூன்றாவது முறையாகக் கிடைத்தபோதும், மேடையேறி வாங்கிக்கொள்ள அந்த ஊரிலிருந்து யாரும் வரவில்லை. வர முடியாது. அந்த ஊரில் யாரும் இல்லை. இன்னும் சரியாகச் சொன்னால், அப்படி ஓர் ஊரே கிடையாது. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அந்த ஊரைப் பெற்றவளே நான்தான்.

குற்றமே நடக்காத ஊர் என்று அமைச்சர் புகழ்ந்தார். குழந்தை இறப்பு இல்லாத ஊர், குழாயடிச் சண்டை இல்லாத ஊர், தெருவில் ஒரு காகிதத் துண்டுகூடக் கிடக்காத ஊர் என்றார். காகிதம் போட ஆள் வேண்டாமா ஐயா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. முன்வரிசையில் எங்கள் இயக்குநர் ஞானதுரை உட்கார்ந்திருந்தார். ஊரின் சார்பில் விருதை வாங்கிக்கொள்ள அவருடைய மனைவி பியூலா புதுப் பட்டுச்சேலையில் மேடையேறிக்கொண்டிருந்தார். அடக்கிக்கொண்டேன். என் நாக்கு அடங்குவது அபூர்வம். அது அடங்காத ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் பிரம்மசக்தி. நிலப்பட வாரியத்தின் தூத்துக்குடி கிளையில் வரைபடம் வரைபவள். எங்கள் தொழிலில் ஒரு பழைய பழக்கம் உண்டு. நாங்கள் வெயிலில் அலைந்து வருடக்கணக்கில் வரைந்ததை எவனாவது ஒரு கம்பெனிக்காரன் ஒரே மத்தியானத்தில் நகலெடுத்துத் தன் சரக்கு என்று விற்றுவிடுவான். அவனைப் பிடிப்பதற்காக ஒவ்வொரு படத்திலும் இல்லாத ஊர் ஒன்றைப் போட்டுவைப்போம். அவன் படத்திலும் அந்த ஊர் இருந்தால் கையும் களவுமாக மாட்டினான். இதற்குக் கண்ணி ஊர் என்று பெயர். வரைந்தவரைத் தவிர வேறு யாருக்கும் எது கண்ணி என்று தெரியக் கூடாது, எங்கேயும் எழுதிவைக்கக் கூடாது. எழுதினால் திருடனும் படிப்பான் இல்லையா? புதுப் பதிப்பு வரும்போது வரைந்தவரே அதை ஒரு முறை இடம் மாற்றலாம். எந்த வருடத்துப் படத்தைத் திருடினான் என்று அப்போது தெரிந்துவிடும்.

என்னை ஓசூருக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்ட சமயத்தில்தான் என் கண்ணி ஊருக்குப் பெயர் வைத்தேன். பியூலாபுரம். படத்தைப் பார்த்த இயக்குநர் அந்தப் பெயர்மேல் விரலை வைத்து இரண்டு முறை தடவிப் பார்த்தார். கண்ணியா என்று கேட்கக் கூடாது, அது தொழில் மரியாதை. மாற்றல் உத்தரவு அத்தோடு காணாமல் போயிற்று.

பிறகு மெய்ந்நிலம் வந்தது.

முன்னெல்லாம் நிலத்தைப் பார்த்துப் படம் வரைவோம். மெய்ந்நிலம் என்ற அந்த மகா இயந்திரம் வந்தபின் படத்தைப் பார்த்து நிலத்தைச் செய்ய ஆரம்பித்தார்கள். ஓட்டுநர் இல்லாத பொக்லைன், ரோடு ரோலர், குழாய் பதிக்கும் வண்டி, அணை மதகு, பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் அதன் சொல்பேச்சு கேட்கும். படத்தில் ஊர் இருந்து தரையில் ரோடு இல்லையென்றால் அது தரையின் தப்பு. தப்பைத் திருத்த வண்டிகள் கிளம்பிவிடும். லஞ்சம் இல்லை, சிபாரிசு இல்லை, நாளைக்கு வா என்ற பேச்சே இல்லை. நாடே கைதட்டியது.

கண்ணி ஊர்களைப் பற்றி அதனிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதக் கூடாது என்பதுதானே பழக்கம்? ஒவ்வொருவரும் அவரவர் ரகசியத்தை உயிராகக் காத்தோம். அதனால் நானாகப் புள்ளி வைத்த பொட்டல் காட்டில் தார் ரோடு வந்தது, வரிசையாக வீடுகள் வந்தன, வீட்டுக்கு வீடு குழாய் வந்தது, தெருவிளக்கு வந்தது. காலி பஸ் ஒன்று காலையிலும் மாலையிலும் மரியாதையாக வந்து நின்று, கதவைத் திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போனது. இப்படி மாநிலம் முழுக்க எத்தனை ஊர்களோ. கேன்டீனில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பிறகு வடையைப் பார்ப்போம்.

இதாவது பரவாயில்லை, இல்லாத ஊருக்கு எல்லாம் கிடைத்தது. இருந்த ஊர் ஒன்றும் எங்கள் படத்தில் இருந்தது. அதன் பெயர் சங்குமேடு.

ஏரிகளை எல்லாம் பிளாட் போட்டு விற்று, கல்லூரி கட்டி, பஸ் நிலையம் கட்டி, பிறகு வெள்ளத்தில் மிதந்து அழுத கதை ஊரறிந்தது. கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது. இருப்பதிலேயே பழைய வரைபடம் எதுவோ அதில் நீலம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மறுபடி ஏரி வர வேண்டும், ஏரிப் பரப்பு ஒரு சென்ட்கூடக் குறையக் கூடாது. நல்ல தீர்ப்பு. நானும்தான் கைதட்டினேன்.

எங்கள் பகுதிக்கு இருப்பதிலேயே பழைய படம் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வெள்ளைக்கார துரை ஒருவர் வரைந்தது. அழகான படம். மூலையில் கப்பல், திமிங்கலம், குடையோடு நிற்கும், துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி எல்லாம் இருக்கும். அதைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். துரை கடற்கரையில் இறால் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டாராம். அப்புறம் கூடாரத்தைவிட்டு வெளியே வர முடியவில்லை. வந்தாலும் புதர்ப் பக்கம்தான் ஓட்டம். படத்தில் அளக்காத மூலை ஒன்று பாக்கி இருந்தது. சென்னைக்குக் கப்பல் கிளம்பப் போகிறது. மனுஷன் தூரிகையை நீலத்தில் தோய்த்து அந்த மூலையை ஒரே தேய்ப்பில் முடித்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். தேய்த்த இடம்தான் சங்குமேடு. உப்பளத்து வேலைக்காரர்கள் குடியிருக்கும் ஊர். அந்த வட்டாரத்திலேயே மேடான இடம் என்றுதான் அங்கே வீடு கட்டினார்கள். நாங்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்போம். மெய்ந்நிலம் சிரிக்கவில்லை, படத்தில் ஊரை அழித்துவிட்டு ஏரி என்று போட்டுக்கொண்டது. அதற்குத் துரை சொன்னதே வேதவாக்கு.

அங்கே வேலி அடைத்தமாதிரி எல்லாம் நின்றது. ரேஷன் நின்றது. ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் ஊர் எல்லையில் நின்று, நீர்நிலைக்குள் செல்ல இயலாது, படகை அணுகவும் என்று அறிவித்துவிட்டுத் திரும்பிப் போனது. பிறகு பொக்லைன்கள் வந்து ஊரைச் சுற்றிக் கரை போட ஆரம்பித்தன. கடல் ஏறாமல் இருக்க அரசாங்கம் காப்பாற்றுகிறது என்று நினைத்து அந்த ஜனங்கள் பொக்லைனுக்கு மாலை போட்டார்களாம். ஏரிக்குக் கரை வேண்டும் என்பதால் அது வேலையைச் செய்துகொண்டிருந்தது.

விஷயம் புரிந்தபின் மிக்கேலம்மாள் என்ற பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது, உப்பு வாரி வாரி வெடித்த கைகள், கையைவிடக் காரமான வாய். கூடவே அவளுடைய அப்பா சவரிமுத்து. வந்ததிலிருந்து பெரியவர் எங்கள் வராந்தாக் குழாயைவிட்டு நகரவில்லை. திறந்து பார்ப்பார், மூடுவார், ஒரு கை குடிப்பார், மறுபடி திறப்பார். அவர்கள் ஊருக்கு லாரித் தண்ணீர்தான், அதுவும் நின்று போயிருந்தது.

"மேடம், எங்க ஊரு தண்ணிக்குள்ள இருக்காம். அப்ப நாங்க என்ன மீனா?"

மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியைப் போட்டு மெய்ந்நிலத்திடமே கேட்டேன். சங்குமேட்டில் ஆட்கள் இருக்கிறார்களே, உன் வானத்துக் கண்ணுக்குத் தெரியவில்லையா?

"வணக்கம். சங்குமேடு ஏரியில் உயிரினங்களின் நடமாட்டம் பதிவாகியுள்ளது. அவை நீர்ப்பறவைகள். இந்த ஆண்டு வரத்து அதிகம் என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி" என்றது அது. பெருமழை பெய்து தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் உபரி நீர் அந்த ஏரிக்குத்தான் திறந்துவிடப்படும் என்றும் கேட்காமலே சொன்னது.

மிக்கேலம்மாள் என்னைப் பார்த்தாள். கொக்கு, நாரை என்று என்னென்னவோ முணுமுணுத்துவிட்டு, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். பதில் இல்லாதபோதெல்லாம் எனக்குக் கிண்டல் வரும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் பாவம், தன்னைத்தான் கெடுத்துக்கொள்ளும்.

"பேசாம எல்லாரும் பியூலாபுரத்துக்குக் குடிபோயிருங்க. கொழா, லைட்டு, பஸ்ஸு எல்லாம் இருக்கு. ஆளுதான் இல்ல" என்றேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அது எங்கன இருக்கு என்று கேட்டாள். சுவரில் தொங்கிய படத்தில் காட்டினேன். வராந்தாவிலிருந்து பெரியவர், வீட்டுக்கு வீடு கொழாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருவரும் போய்விட்டார்கள். நான் டீ குடிக்கப் போனேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மேற்கே மலையில் கொட்டுகிறது என்று செய்தி வந்ததும் இயக்குநரிடம் ஓடினேன். சங்குமேட்டை ஊர் என்று படத்தில் சேர்க்க வேண்டும் என்றேன். சேர்ப்பதென்றால் வாரியம் கூட வேண்டும், உறுப்பினர்கள் வந்து சேர மழை நிற்க வேண்டும் என்றார் ஞானதுரை. சரி, பியூலாபுரம் கண்ணி என்பதையாவது ஒத்துக்கொள்வோம், ஒரு தப்பை ஒத்துக்கொண்டால் படத்தின்மேலேயே சந்தேகம் வரும், மதகைத் திறப்பதை நிறுத்துவார்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சக்தி, மூணு விருதும்மா. பியூலா அத ஹால்ல கண்ணாடி அலமாரியில வெச்சிருக்கா. வீட்டுக்கு வாறவங்களுக்கெல்லாம் காட்டுதா. நான் போயி அவகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். ஏரிக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். ஏரிக்குள் இருந்தால் அது மீன்வளத் துறை மேடம் என்று எண் கொடுத்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. உதித்ததும் நான் எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கே புல்லரித்தது. ஊரைச் சேர்க்கத்தானே வாரியம் கூட வேண்டும்? கண்ணி ஊரை இடம் மாற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லையே. புதுப் பதிப்பு திறந்திருந்தது, இந்த வருடத்துக்கான மாற்றத்தை நான் இன்னும் செய்யவில்லை. பியூலாபுரத்தைத் தூக்கிச் சங்குமேட்டின்மேல் வைத்தேன். கட்டைவிரலை வைத்து உறுதி செய்தேன்.

"நன்றி. பியூலாபுரத்தின் இருப்பிடம் திருத்தப்பட்டது. கரை அகற்றப்படும். ஏரிப் பரப்பு குறையக் கூடாது என்பதால், ஊர் முன்பு இருந்த இடத்தில் ஏரி அமையும். உபரி நீர் இன்று மாலை அங்கு சென்றடையும்."

அடி சக்கை என்றேன். ஆளில்லாத ரோடும் ஆளில்லாத வீடும் ஆளில்லாத பஸ் நிறுத்தமும் மூழ்கட்டும், யாருக்கு நஷ்டம்? பியூலாவின் அலமாரி மூழ்கப் போவதில்லை. கேன்டீனில் இரண்டு வடை வாங்கித் தின்றுவிட்டு, நல்ல செய்தி சொல்ல மிக்கேலம்மாளுக்குப் போன் போட்டேன்.

நான் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "மேடம், நீங்க நல்லா இருப்பீங்க. நீங்க சொன்னமாதிரியே வந்துட்டோம். ஊரோட வந்துட்டோம். கொழாயத் தொறந்தா தண்ணி வருது மேடம். எங்க ஐயா காலையிலருந்து குளிச்சுக்கிட்டே இருக்காவ."

போனை மேசைமேல் வைத்துவிட்டு மெய்ந்நிலத்திடம் கத்தினேன். மாற்றியதைப் பழையபடி மாற்று. ஒரு பதிப்புக்கு ஒரு மாற்றம்தான், அடுத்தது தைப் பொங்கலுக்குப் பின் என்றது. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். புதிய ஏரிக்கு இப்போதே நீர்ப்பறவைகள் வந்துவிட்டன, மகிழ்ச்சி என்றது.

போனில் அவள் இன்னும் இருந்தாள். மேடம், மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். உடனே கிளம்பி எல்லாரும் சங்குமேட்டுக்கே திரும்பிப் போக வேண்டும் என்றேன். மாலைக்குள் தண்ணீர் வரும், இப்போது அதுதான் பியூலாபுரம், இதுதான் ஏரி என்றேன்.

"படத்த மாத்த முடியாதா மேடம்?"

"முடியாதும்மா. நீங்கதான் மாறணும்."

சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. மெய்ந்நிலம் தரையைத்தான் படத்துக்கு ஏற்ப மாற்றியது. நான் மனிதர்களையே மாற்றக் கிளம்பிவிட்டேன்.

அலுவலகக் காரில் ஏறிப் போனேன். பொட்டல் காட்டுக்கு வெளியே கார் நின்றுகொண்டு, நீர்நிலைக்குள் செல்ல இயலாது என்றது. இறங்கி நடந்தேன். எதிரே வந்துகொண்டிருந்தார்கள். தலையில் பாத்திரம், இடுப்பில் பிள்ளை, கூடையில் கோழி. வேளாங்கண்ணி மாதா படத்தை ஒருத்தி பாலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். அந்த நேர்த்தியான தார் ரோட்டில் முதல்முறையாக ஜனங்கள் நடந்தார்கள், அதுவும் திரும்பிப் போவதற்காக. வழக்கமான பஸ்ஸும் வரவில்லை. ஊர் இடம் மாறியதால் அது ஒழுங்காகச் சங்குமேட்டுக்குப் போய் நின்றிருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிக்கேலம்மாள் கடைசியாக வந்தாள். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்பா எங்கே என்று கேட்டேன்.

"வரமாட்டேன்னு உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டாவ. ஒரு தடவ சொன்னா எந்திரிச்சு வருவேன், ரெண்டு தடவ பத்திக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன மாடான்னு கேக்காவ. தண்ணி வந்தா குளிச்சிட்டுப் போறேங்காவ மேடம். கதவ ஒடைக்கப் பார்த்தோம், அரசாங்கக் கதவு, ஒடையல."

பிள்ளைகளை மேட்டில் விட்டுவிட்டு ஆட்களோடு வந்து தூக்கிக்கொண்டு போகிறேன் என்று ஓடினாள். அவர்கள் கடப்பாரையோடு திரும்பி வருவதற்குள் பொக்லைன்கள் கரையை அடைத்து, இறங்க முடியாத அளவுக்குத் தண்ணீரையும் உள்ளே விட்டிருந்தன. அவை எப்போதும் சொன்ன நேரத்துக்கு முன்பே வேலையை முடித்துவிடும். அதற்காகவும் ஒரு விருது உண்டு.

கரைமேல் நின்று எல்லாரும் பார்த்தோம். தண்ணீர் சத்தம் போடாமல் வந்தது. தெருவிளக்குகள் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள்ளும் எரிந்தன. என் கையிலிருந்த போனில் மெய்ந்நிலத்தின் தகவல் வந்தது: "பறவைகள் இடம்பெயர்ந்தன. ஒன்று தங்கியது." நான் அதை மிக்கேலம்மாளுக்குக் காட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுததற்காகக் கரை திறக்கவில்லை.

மற்றபடி எல்லாம் சுபம். சங்குமேட்டுக்கு, அதாவது பியூலாபுரத்துக்கு, ரோடு வந்தது, குழாய் வந்தது, ஆம்புலன்ஸ் ஊருக்குள் வந்து நின்றது. சவரிமுத்துவுக்கு மட்டும் இறப்புச் சான்றிதழ் வரவில்லை. ஏரியில் யாரும் குடியிருக்கவில்லை, ஆகவே யாரும் இறக்கவில்லை. அவர் பியூலாபுரத்தில் நலமாக வசிப்பதாகக் கணக்கு. மாதாமாதம் அவருக்கு அரிசி வருகிறது. இறப்பே இல்லாத ஊர் என்று நான்காவது விருதும் வந்துவிட்டது. பியூலா மேடத்தின் அலமாரியில் இடம் போதவில்லையாம், தச்சரை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பொங்கல் முடிந்து அடுத்த பதிப்பு திறந்தது. என் கண்ணி ஊரில் இப்போது நிஜமாகவே ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஆகவே அது கண்ணி இல்லை. ஒவ்வொரு படத்திலும் இல்லாத இடம் ஒன்று இருக்க வேண்டும், அது பழக்கம். ஏரியின் நீலத்துக்கு நடுவில் ஒரு சிறிய திட்டு வரைந்தேன். பெயர் எழுதினேன்.

சான்றிதழுக்காக மறுபடி வந்த மிக்கேலம்மாளிடம் அதைக் காட்டினேன். எது கண்ணி என்று வாழ்க்கையில் முதல்முறையாக வாரியத்துக்கு வெளியே ஒருவரிடம் சொன்னேன். சவரிமுத்து திட்டு என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே அங்கே தீவு வந்துவிடுமா என்று கேட்டாள். வண்டிகள் நாளைக்கே ஏரியைப் பொட்டல் பக்கம் அந்த அளவுக்கு அகலப்படுத்திவிட்டு மண் கொட்டும், குழாயும் விளக்கும் வைத்துவிடும் என்றேன்.

"கொழா வைக்கட்டும்" என்றாள். கதவுவரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "அங்கன யாரையும் குடிபோகச் சொல்லிராதீங்க மேடம்."

சரி என்று தலையாட்டினேன். இப்போதெல்லாம் அலுவலகத்தில் நான் அதிகம் பேசுவதில்லை.